பிள்ளைக்குச் சக்கர நாற்காலி ஓட்டக் கற்றுக்கொடுப்பது: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே பெரும்பாலும் ஒன்று நடக்கிறது. பெரியவர் ஒருவர் பின்னால் போய் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கை பல ஆண்டுகளுக்கு விலகுவதே இல்லை. அதை எப்படி, எப்போது, எவ்வளவு விலக்குவது என்பதைப் பற்றிய கேள்விகள்தான் இவை. இயன்முறை மருத்துவம் பார்க்கும் எவரிடமும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவை.

நடைப்பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. இப்போது நாற்காலி கொடுத்தால் நடக்கும் ஆசையே விட்டுப்போகாதா?

போகாது. இந்தப் பயத்தால்தான் நம் ஊரில் பல பிள்ளைகள் ஏழெட்டு வயது வரை இடுப்பிலேயே தூக்கிச் சுமக்கப்படுகிறார்கள். நடைப்பயிற்சி ஒரு மணி நேரம் நடக்கும். மீதி நாள் முழுவதும் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அம்மா வந்து தூக்கும்வரை ஒரே இடத்தில் காத்திருக்கும். இரண்டு வயதில் ஒரு பிள்ளை அலமாரியைத் திறக்கும், தண்ணீர்க் குடத்தைக் கவிழ்க்கும், பூனையைத் துரத்தும். தானாக நகர முடிந்தால்தான் இந்தக் குறும்பெல்லாம் நடக்கும். பேச்சும் புத்தியும் வளர்வதில் இந்தக் குறும்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடக்கும் பிள்ளை, பள்ளி மைதானத்தில் நாற்காலியில் பந்தைத் துரத்தலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. பள்ளிவாசலில் இருந்து வகுப்பறை வரை தட்டுத்தடுமாறி நடந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தி, முதல் பாடவேளையிலேயே களைத்துப்போகும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த நடையால் யாருக்கு என்ன லாபம்?

எந்த வயதில் தொடங்கலாம்?

பிள்ளை தன் அளவுக்கு ஏற்ற இருக்கையில், தேவையான ஆதரவோடு, உட்கார முடிந்தால் போதும். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் சிறிய நாற்காலியின் சக்கரத்தைத் தாமாகவே உருட்டிப் பார்ப்பார்கள். மோட்டார் நாற்காலியையும் இரண்டு வயதையொட்டிய பிள்ளைகள் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளே காட்டிவிட்டன. அங்கே டெலவர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'கோ பேபி கோ' என்ற திட்டம், கடையில் விற்கும் பேட்டரி பொம்மைக் காரில் பெரிய பொத்தானும் முதுகுச் சாய்வும் பொருத்தி, நடக்க முடியாத மழலைகளை ஓட்ட வைக்கிறது.

எட்டு வயதில் தொடங்கினால் தாமதமா என்று கேட்டால், தாமதம்தான். ஆனால் கற்றுக்கொள்ள முடியாத வயது என்று ஒன்று இல்லை.

இலவசமாகக் கிடைத்த நாற்காலி வீட்டில் இருக்கிறது. கொஞ்சம் பெரியது. அதிலேயே பழக்கலாமா?

'கொஞ்சம் பெரியது' என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. "வளரும் பிள்ளைதானே, இரண்டு அளவு பெரிதாகவே இருக்கட்டும்" என்று பள்ளிச் சீருடை தைக்கும் கணக்கில் நாற்காலி எடுக்கிறோம். சட்டை பெரிதாக இருந்தால் மடித்துக்கொள்ளலாம். நாற்காலி பெரிதாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சரியும், இடுப்பு கோணும், கை சக்கரத்துக்கு எட்டாது. கை எட்டாத நாற்காலியில் எந்தப் பயிற்சியும் பலிக்காது. அதன்பின் "இவனுக்கு ஓட்ட வரவில்லை" என்று பழி பிள்ளையின் மேல் விழும்.

ஒரு அளவு நாடாவை எடுத்து நீங்களே பாருங்கள். இருக்கையின் அகலம் பிள்ளையின் இடுப்பளவை ஒட்டி இருக்க வேண்டும். இரு பக்கமும் உள்ளங்கையைச் செருகும் அளவுக்கு இடம் இருந்தால் அது அகலம் அதிகம். முதுகை ஒட்டி உட்காரவைத்தபின் இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாதம் தொங்கக்கூடாது, கால்பலகையில் முழுவதும் படிய வேண்டும். பிள்ளை தோளைத் தளர்த்திக் கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் விரல்நுனி பின்சக்கரத்தின் அச்சுக்கு அருகே வர வேண்டும். பின்சக்கரத்தின் வெளிப்பக்கம் கையால் தள்ளுவதற்கென்று இருக்கும் கைவளையத்தைச் சக்கரத்தின் உச்சியில் பிடிக்கும்போது முழங்கை செங்கோணத்திலோ அதைவிடச் சற்று விரிந்தோ இருந்தால் சரி. தோள் காதை நோக்கி உயர்ந்தால் பிள்ளை சக்கரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்; கெட்டியான மெத்தை வைத்து உயர்த்திப் பாருங்கள்.

எடையும் உண்டு. மடக்கக்கூடிய சாதாரண இரும்பு நாற்காலி 15 கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளையின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். தன் எடைக்குச் சமமான இரும்பை நாள் முழுவதும் தள்ளச் சொல்கிறோம்.

பின்சக்கரத்தின் அச்சைச் சற்று முன்னால் நகர்த்த வசதியுள்ள நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள். அச்சு முன்னால் வர வர, தள்ளுவதும் திருப்புவதும் இலகுவாகும். கூடவே பின்னால் கவிழும் வாய்ப்பும் கூடும் என்பதால், தொடக்கத்தில் கவிழ்வதைத் தடுக்கும் சிறு சக்கரங்களைப் பின்புறம் பொருத்திக்கொள்ள வேண்டும். இரு கால்களும் நீக்கப்பட்ட பிள்ளைக்கு இது நேர்மாறு: முன்பக்க எடை குறைவு என்பதால் அச்சு பின்னால்தான் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். சின்னதாகிப்போன நாற்காலியும் பெரிய நாற்காலி அளவுக்குக் கெடுதல்தான்.

முதலில் என்ன சொல்லித்தர வேண்டும்?

நிறுத்துவதை. ஓடக் கற்பதற்கு முன் நிற்கத் தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறைவாக இருக்கும், உங்களுக்கும்.

நாற்காலியில் உள்ள பிரேக், நின்ற வண்டி நகராமல் பூட்டிவைக்க மட்டுமே. ஓடும்போது அதை இழுத்தால் நாற்காலி திரும்பிவிடும் அல்லது பிள்ளை முன்னால் பாயும். ஓட்டத்தைக் குறைக்க, இரண்டு கைவளையங்களையும் ஒரே நேரத்தில் உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தபடி பிடிக்க வேண்டும். கட்டை விரல் வளையத்தின் மேல் இருக்கட்டும், ஆரக்கம்பிகளுக்குள் போகக்கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகும் நினைவூட்டுங்கள்.

அடுத்தது தள்ளுவது. சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்து வலப்பக்கம் இருந்து பார்த்தால், 11 மணியில் பிடித்து 2 மணியில் விட வேண்டும். நீளமான, நிதானமான தள்ளல். விட்ட கை வளையத்துக்குக் கீழே தளர்வாக இறங்கி, பின்பக்கமாக மேலேறித் திரும்ப வேண்டும். பிள்ளைகள் முதலில் உச்சியிலேயே 'டக் டக்'கென்று குட்டிக் குட்டியாகத் தள்ளுவார்கள். தோளைக் கெடுப்பது அந்தப் பழக்கம்தான். வாழ்நாள் முழுவதும் கால் வேலையையும் சேர்த்துச் செய்யப்போகும் தோள் அது.

பிறகு திரும்புவது: ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி மறுசக்கரத்தைத் தள்ளினால் அகலமான திருப்பம்; ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஒரே நேரத்தில் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றலாம். நம் வீட்டுச் சமையலறைகளுக்கு இரண்டாவதுதான் உதவும்.

பயிற்சி என்றாலே அழுகிறான். என்ன செய்வது?

பயிற்சி என்று சொல்லாதீர்கள். முற்றத்தில் பெரிய புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வையுங்கள், இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் இருக்கட்டும். புள்ளியை மிதிக்காமல் வளைந்து வளைந்து போய்வரச் சொல்லுங்கள். சக்கரத்தில் மாவு ஒட்டியிருந்தால் ஆட்டம் போச்சு. அக்கா தம்பிகளும் சைக்கிளிலோ நடந்தோ அதே ஆட்டத்தை ஆடட்டும். பாட்டுப் போட்டு நிறுத்தும்போது சிலையாக நிற்கும் ஆட்டம் நிறுத்தப் பழக்கும். ரயில் வண்டி ஆட்டத்தில் பின்னால் கயிறு கட்டி ஒரு காலி அட்டைப்பெட்டியை இழுக்கவைத்தால் கைக்கு வலு சேரும். பின்னோக்கிப் போகப் பழக்க, கண்ணாமூச்சியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே போய் ஒளியச் சொல்லுங்கள். ஒளிந்தவர் வெளியே வர வேண்டுமல்லவா?

கால் மணி நேரம் போதும். தினமும் நடக்கட்டும்.

எங்கள் வீட்டில் அறைக்கு அறை வாசற்படி. ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் தூக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். நாற்காலியை நிறுத்துவது படியின் உயரத்தைவிட அதில் முட்டிக்கொள்ளும் சிறிய முன்சக்கரங்கள்தான். முன்சக்கரத்தை ஒரு கணம் தூக்கிப் படிமேல் வைத்துவிட்டால், பெரிய பின்சக்கரத்தை முன்னால் தள்ளியே ஏற்றிவிடலாம். அந்த ஒரு கணத் தூக்கலே இந்தக் கலையின் உயிர்நாடி. கல் பாவிய தெரு, சாக்கடை மூடியின் விளிம்பு, மேடும் பள்ளமுமான பள்ளி மைதானம் எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

முதலில் பிள்ளைக்குச் சமநிலைப் புள்ளியை உணர்த்துங்கள். கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்களைக் கழற்றிவிட்டு அல்லது மேலே திருப்பிவிட்டு, நீங்கள் பின்னால் நின்று நாற்காலியைப் பின்புறமாக மெதுவாகச் சாயுங்கள். ஒரு கட்டத்தில் கைக்கு எடையே தெரியாது. அதுதான் அந்தப் புள்ளி. அங்கே நிறுத்தி, பிள்ளையைக் கைவளையத்தை இலேசாக முன்னும் பின்னும் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் விழுவதுபோல் இருந்தால் முன்னே தள்ள வேண்டும், பின்னால் சாய்வதுபோல் இருந்தால் பின்னே இழுக்க வேண்டும். இது மூளைக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். பெற்றோர் அதே நாற்காலியில் உட்கார்ந்து முயன்று பார்ப்பது நல்லது. பிள்ளைக்கு முன்பே நீங்கள் கற்றுக்கொள்வீர்கள் என்று பந்தயம் கட்ட வேண்டாம்.

அடுத்து, தானே தூக்குவது. சற்றே பின்னால் உருட்டி, சட்டென்று இரு கையாலும் முன்னால் தள்ளினால் முன்சக்கரம் எழும். புல்தரையிலோ பாய்மேலோ தொடங்குங்கள், சக்கரம் வழுக்கி ஓடாது. தரையில் ஒரு கயிறு, பிறகு ஒரு பலகைத் துண்டு, பிறகு உண்மையான வாசற்படி என்று உயரத்தைக் கூட்டலாம்.

இதெல்லாம் நடக்கும்போது பெரியவர் நாற்காலியின் பின்சட்டத்தில் ஒரு கெட்டியான நாடாவைக் கட்டித் தளர்வாகக் கையில் பிடித்திருக்க வேண்டும். மறுகை பிள்ளையின் தோளுக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும். கழன்றுவரும் ரப்பர் கைப்பிடியை நம்பாதீர்கள். நாடா இறுக்கமாக இருந்தால் பிள்ளை கற்பது சமநிலையை அல்ல, உங்கள் கையில் சாய்வதை. தலைக்கவசமும் இடுப்புப் பெல்ட்டும் கட்டாயம்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழகம் சக்கர நாற்காலித் திறன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சொல்லித்தரும் முறையையும் சோதிக்கும் முறையையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பின்னால் நிற்பவரின் கை எங்கே இருக்க வேண்டும் என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் இயன்முறை மருத்துவரிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால்?

விழுவாள். அதனால் விழவும் சொல்லிக்கொடுங்கள். பின்னால் கவிழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையைத் தொடைகளுக்குக் குறுக்கே போட்டு, முழங்கால் முகத்தில் இடிக்காமல் தடுக்க வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, மணிக்கட்டு போய்விடும். தடித்த மெத்தையைப் போட்டு, நீங்கள் நாற்காலியைப் பிடித்தபடி மெதுவாகப் பின்னால் இறக்கி இதைப் பழக்குங்கள். முதல்முறை அலறுவாள். பிறகு "இன்னொரு தடவை" என்பாள்.

எலும்பு எளிதில் முறியும் நோய் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கிடையாது. சமநிலைப் பயிற்சியையும் மருத்துவர் சொன்ன எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதித்தவர்கள், வலிப்பு வருபவர்கள், மூளையில் தேங்கும் நீர் வடியக் குழாய் பொருத்தியவர்கள் விஷயத்திலும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

துணிச்சலுக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், லாஸ் வேகஸைச் சேர்ந்த ஆரோன் ஃபோதரிங்ஹாம். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர். எட்டு வயதில் ஸ்கேட்டிங் மைதானத்துக்குள் நாற்காலியோடு இறங்கினார். 2006இல், 14 வயதில், அந்தரத்தில் நாற்காலியோடு பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து இறங்கினார். பிள்ளைகளிடம் அந்தக் காணொளியைக் காட்டுங்கள். மறுநாள் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவையுங்கள்.

பள்ளியில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் மகனால் ஏற முடியவில்லை. வலு போதாதா?

முதலில் சாய்தளத்தை அளந்து பாருங்கள். பொதுக் கட்டடங்களுக்கு இந்திய விதிமுறைகள் சொல்வது ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கே 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அப்படி மூன்று படி என்றால் 5.4 மீட்டர். பல இடங்களில் மூன்று படிக்கு ஒன்றரை மீட்டரில் சிமெண்டைச் சரித்துப் பூசி, கைப்பிடிக் கம்பியும் இல்லாமல், சக்கர நாற்காலிப் படத்தை வரைந்துவிடுகிறார்கள். அது பைக் ஏற்றும் சரிவு. அதில் ஏற முடியாதது உங்கள் மகனின் குறை அல்ல.

முறையான சாய்தளம் என்றால்: ஏறும்போது உடலை முன்னால் சாய்த்து, குறுகிய வேகமான தள்ளல்கள். இறங்கும்போது முதுகைச் சாய்மானத்தோடு ஒட்டி, வளையம் உள்ளங்கையில் வழுக்கியபடி இறங்க வேண்டும். உள்ளங்கை சுடும், அதனால் கையுறை நல்லது. முதுகுத்தண்டுப் பிளவுள்ள பிள்ளைகள் பலருக்கு ரப்பர் பால் ஒவ்வாது. அவர்களுக்கு லேடெக்ஸ் கலவாத கையுறை வாங்குங்கள்.

மகளுக்கு மூளை முடக்குவாதம். ஒரு கை மட்டும்தான் வேலை செய்கிறது. அவளால் முடியுமா?

ஒரு கையும் அதே பக்கத்துக் காலும் நன்றாக இருந்தால், இருக்கையைத் தாழ்த்திக் குதிகால் தரையில் படும்படி செய்யுங்கள். கை தள்ளும், கால் திசை காட்டும். ஒரே பக்கத்தில் இரண்டு கைவளையங்கள் வைத்து இரு சக்கரங்களையும் இயக்கும் நாற்காலிகளும் உண்டு. ஆனால் அவை கனமானவை, பழகவும் நாளாகும்.

இரண்டு கையிலும் வலு இல்லையென்றால் மோட்டார் நாற்காலிதான் சரி. "அதைக் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவாள்" என்பார்கள். கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லையே. தசைச்சிதைவு நோயுள்ள பையன்களுக்கு, நடை நிற்கும் முன்பே மோட்டார் நாற்காலியைப் பழக்குவது நல்லது. "தள்ளித் தள்ளிப் பலம் ஏறட்டும்" என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. களைப்பேறும்வரை தள்ளவைப்பது கெடுதல்.

நாற்காலியில் இருந்து கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் மாறி உட்காருவது?

இதை நேரில்தான் கற்க வேண்டும், எழுத்தில் அல்ல. சில விதிகளை மட்டும் சொல்கிறேன். பிரேக் பூட்டியிருக்க வேண்டும், கால்பலகை விலகியிருக்க வேண்டும், இரண்டு இருக்கைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் வழவழப்பான பலகையைப் பாலமாகப் போட்டு நகரலாம். தரையில் பதித்த கழிப்பறை உள்ள பள்ளி என்றால் மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றும் சுவரில் கம்பியும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மாதவிலக்கு வயதை எட்டும் பெண் பிள்ளைகள் இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளிக்கு முழுக்குப் போடுகிறார்கள்.

உட்கார்ந்தே இருந்தால் புண் வராதா?

தொடு உணர்வு இல்லாத பிள்ளைகளுக்கு வரும். அதனால் எடை மாற்றுவதும் ஒரு சக்கர நாற்காலித் திறன்தான். கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிவது, இரு பக்கமும் சாய்வது. வகுப்பு மணி அடிக்கும்போதெல்லாம் செய் என்று பழக்கிவிடலாம். தினமும் இரவு பிட்டம், வால் எலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவப்பு நிறமோ கறுத்த தடமோ அரை மணியில் மறையாவிட்டால், அது ஆறும்வரை அந்த இடத்தில் எடை படக்கூடாது. இன்னொன்று நம் ஊர் வெயில்: நாற்காலியை வெயிலில் நிறுத்திவிட்டு அப்படியே உட்காரவைத்தால் சூடேறிய இரும்பு காலைச் சுட்டுவிடும், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

வகுப்பில் எல்லாரும் போட்டிபோட்டு அவளைத் தள்ளுகிறார்கள். நல்லதுதானே?

அன்புதான். ஆனால் கேட்காமல் நாற்காலியைத் தொடுவது, கேட்காமல் ஒருவரின் தோளைப் பிடித்து நகர்த்துவதுதான். "தள்ளட்டுமா?" என்று கேட்கவும், "வேண்டாம்" என்றால் விடவும் வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுங்கள். "வேண்டாம்" என்று சொல்லவும், "மெதுவாக, இந்தப் பக்கம்" என்று வழிகாட்டவும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விளையாட்டு வேளையில் அவளை ஓரமாக உட்காரவைத்து மதிப்பெண் எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கு: அவளையும் ஆட்டத்தில் சேர்ப்பது சலுகை அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கல்வியோடு விளையாட்டிலும் பாகுபாடின்றி வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது.

எங்கே போய்க் கேட்பது?

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். மருத்துவ முகாம்களும் அவர்கள் வழியாகவே நடக்கின்றன. நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். விண்ணப்பத்தில் 'சக்கர நாற்காலி' என்று மட்டும் எழுதாமல் பிள்ளையின் அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள். விரிவான மதிப்பீடு வேண்டுமானால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையத்துக்குப் போகலாம். விபத்தில் தண்டுவடம் பாதித்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிவைத்தது அது. தென்மாவட்டத்தினருக்குத் தென்காசி அருகே ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் இருக்கிறது.

ஆனால் நல்ல ஆசான், நாற்காலியிலேயே வாழும் ஒருவர்தான். ஸ்வீடனில் 1976 முதல் இந்த முறையில், நாற்காலி பயன்படுத்துவோரே புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊரில் நாற்காலியில் வேலைக்குப் போய்வரும் அண்ணனோ அக்காவோ இருந்தால் வீட்டுக்கு அழையுங்கள். நான் ஒரு மாதம் சொல்லியும் ஏறாதது, அவர்கள் ஒருமுறை படியிறங்கிக் காட்டினால் ஏறிவிடும்.

பத்து வயது மகள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகிறேன் என்கிறாள். விடலாமா?

முதலில் அவளோடு அந்த வழியைப் பாருங்கள்: எங்கே மணல், எங்கே சாக்கடைப் பலகை, எங்கே நாய். முன்சக்கரம் மாட்டும் இடங்களை அவளே சுட்டிக்காட்டட்டும். காற்று சரியாக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதைக் கிளம்பும் முன் அவளே பார்க்கப் பழகட்டும். வாங்கிய சாமானை மடியில் வைக்க ஒரு பையைக் கட்டிக்கொடுங்கள், கை இரண்டும் சக்கரத்துக்கு வேண்டும். கடைக்காரர் படியிறங்கி வந்து பொருள் தருவாரா என்று அவளே கேட்டுக்கொள்வாள். பிறகு விடுங்கள். மறைந்து மறைந்து பின்னால் போகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். திரும்பிப் பார்க்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களே, கண்டுபிடித்துவிடுவாள்.